முதலில் விழப் பழகுங்கள்

தற்காப்புக்கும் உடம்புக்கும் சேர்த்து எதைக் கற்கலாம் என்று கேட்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது ஜூடோ. 1882-ல் டோக்கியோவில் கானோ ஜிகோரோ இதைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளைப் பயிற்சி மோதலிலிருந்து ஒதுக்கினார். அதனால்தான் இருவர் முழுப் பலத்தோடு மல்லுக்கட்ட முடிகிறது. எதிரே இருப்பவர் நிஜமாகவே திமிறுவார். அந்தத் திமிறலுக்கு உடம்பு பழக வேண்டும். காற்றில் குத்திப் பழகினால் மட்டும் அது வராது. ஜூடோவில் முதல் பாடமே விழுவதுதான்: மல்லாந்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல், கையால் விரிப்பை ஓங்கி அறைவது. தெருச்சண்டை எத்தனை பேருக்கு வரப்போகிறது? ஈரத் தரையில் வழுக்குவது எல்லோருக்கும் வரும். விழவே பயமென்றால் சிலம்பம் இருக்கிறது; தோள், மணிக்கட்டு, கால் மூன்றுக்கும் நல்ல வேலை. எதுவானாலும் சேரும் முன் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். மூத்த மாணவர் புதியவரைக் கீழே போட்ட பிறகு கைகொடுத்து எழுப்புகிறாரா? மூன்று மாதத்தில் கறுப்புப் பட்டை என்று ஆசை காட்டும் இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கத்தியைக் காட்டினால் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடு என்று சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தால், இரண்டு பஸ் மாறியாவது அவரிடம் போங்கள்.