கூரை மழை வீணாகலாமா?

பெங்களூருக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டங்களாக மேட்டுக்கு ஏற்றப்பட்டு வந்து சேருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்குவது அதன் நோக்கம். வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்ததை மறந்துவிட முடியாது.

ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நகரம் இது. 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் மழை மட்டுமே 45,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், நாளொன்றுக்கு ஆறு குடம் என்ற கணக்கில் தேறும்.

மழைநீர் சேகரிப்புக்கு இங்கே 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. எனினும், புது வீடானால் 30-க்கு 40 அடி மனையும், பழைய வீடானால் 40-க்கு 60 அடி மனையும் இருந்தால்தான் அது கட்டாயம். தொழிலாளரும் குமாஸ்தாக்களும் குடியிருக்கும் 20-க்கு 30 அடி வீடுகள் இதில் சேரவில்லை. தட்டுப்பாடு வந்தால் முதலில் தவிப்பவர்களோ அவர்களே.

தமிழ்நாட்டில் 2003-ல் சிறிது, பெரிது என்ற பேதமின்றி எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. இங்கும் சிறு வீடுகளுக்குக் குழாயும் வடிகட்டியும் அமைக்கக் குடிநீர் வாரியம் மானியம் தர வேண்டும். வீட்டுக்காரர்களும் அந்தச் செலவை வாடகையில் ஏற்றாமல் முன்வர வேண்டும். வானம் தருவதைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, லாரிக்குக் காசைக் கொட்டுவது விவேகமன்று.