தொட்டிச் செடிக்கு எரு ஊறல் மட்டும் போதுமா?

கொல்லையிலும் முற்றத்திலும் தொட்டி, பழைய டின், சாக்கு ஆகியவற்றில் மிளகாய், கத்தரி, கொத்தமல்லி வளர்ப்போர் கம்போஸ்ட் எருவை நீரில் ஊறவைத்து ஊற்றுவது நல்ல பழக்கமே. தொட்டியில் மண் குறைவு. ஊற்றும் தண்ணீரோடு சத்தும் அடித்துளை வழியே வெளியேறி விடுகிறது. ஊறல் அதை ஓரளவு ஈடு செய்யும்.

ஆனால் ஊறலே உரம் ஆகிவிடாது. எருவிலுள்ள சத்தில் சிறு பங்கே நீரில் இறங்குகிறது. எனவே செம்மண், மணல், நன்கு மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து தொட்டியை நிரப்புவதே முதல் வேலை. ஊறல் அதற்குத் துணை.

மக்கிய எரு 1 கிலோவைத் துணியில் கட்டி, 10 லிட்டர் நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, அவ்வப்போது கலக்கி, உடனே வேரடியில் ஊற்ற வேண்டும். சக்கையைத் தொட்டியில் இடலாம். துர்நாற்றம் வீசினால் செடிக்கு ஊற்றக் கூடாது.

வெல்லம் சேர்த்தால் வீரியம் கூடும் என்பர் சிலர். வெல்லம் நல்ல நுண்ணுயிர்களை மட்டும் வளர்ப்பதில்லை. எருவில் நோய்க்கிருமி மிஞ்சியிருந்தால் அதையும் பெருக்கும். 2004-ல் அமெரிக்க அங்கக வேளாண்மைத் தர வாரியத்தின் குழு, இத்தகைய பொருள் சேர்த்த ஊறலைச் சோதித்த பின்பே தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. சிறு விவசாயிக்குச் சோதனைக்கூடம் ஏது? பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினாவுக்கு வெல்லம் கலந்த ஊறல் வேண்டவே வேண்டாம். வெறும் ஊறலும் இலையில் படலாகாது.

பாட்டில் ஊறலுக்குச் செலவிடுவதை விட, எருக்குழியைச் சீராகப் பராமரிப்பதே லாபம்.