பாரிஸ் போகுமுன் பார்க்கவேண்டிய படங்கள்

பிரான்ஸுக்குப் பயணம் போகும் நண்பர்கள் விசா கைக்கு வந்ததும் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, 'போவதற்கு முன் என்ன படம் பார்க்கலாம்?' என்பது. பெரும்பாலும் அவர்களே ஒரு விடையும் வைத்திருப்பார்கள்: 'அமெலி' (2001). ழான்-பியர் ழெனேயின் அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பயணத்துக்கான தயாரிப்பாக அதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. மோன்மார்த்ர் குன்றின் தெருக்களைச் சுவர்க்கிறுக்கல்கள் நீக்கி, தங்கநிறம் பூசி, ஒரு பிள்ளைக் கனவாக்கித் தருகிறது அது. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் லெபிக் தெருவில் அமெலி பணியாற்றிய காப்பிக்கடையைத் தேடிப் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார். பார்த்ததையே மறுபடி பார்த்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பயணத்துக்கு முன் பார்க்கும் படம், அங்கே நம் கண் தானாகத் தவறவிடப்போகும் மனிதர்களை முன்கூட்டியே அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும் யாரும் தவறவிடுவதில்லை. மனிதர்களைத்தான் தவறவிடுகிறோம். அந்த நோக்கில் சில படங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் ழாக் தத்தியின் 'பிளேடைம்' (1967). சுற்றுலாப் பயணிகளைப் பற்றி எடுக்கப்பட்ட மிகச் சிறந்த நகைச்சுவை இதுவே என்பேன். நகரின் வெளிப்புறத்தில் கண்ணாடியும் எஃகுமாக ஒரு முழு நகரத்தையே அரங்கமாகக் கட்டி எடுத்தார் தத்தி. அந்தச் செலவு அவரைக் கடனாளி ஆக்கியது. பாரிஸ் வந்திறங்கும் அமெரிக்கப் பெண்கள் கூட்டம் ஒன்று, பாரிஸைப் பார்ப்பதேயில்லை. ஈஃபில் கோபுரம் ஒரு கண்ணாடிக் கதவின் பிரதிபலிப்பாக ஒரு கணம் தோன்றி மறைகிறது. பயண நிறுவனச் சுவரொட்டிகளில் நாட்டின் பெயர் மட்டும் மாறுகிறது. படத்தில் நிற்பது ஒரே கட்டடம். கூட்டத்தில் ஒருத்தி, தெருமுனையில் பூ விற்கும் கிழவியைப் 'உண்மையான பாரிஸ்' என்று எண்ணிப் படமெடுக்க முயல்கிறாள். யாராவது குறுக்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். குறுக்கே வருகிறவர்கள்தாம் அந்த நகரத்து மக்கள் என்பது அவளுக்கு உறைப்பதில்லை. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

அடுத்தது அக்னெஸ் வார்தாவின் 'ஐந்திலிருந்து ஏழுவரை கிளியோ' (1962). புற்றுநோய் உண்டா இல்லையா என்ற பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் மாலை நேரம். ஒன்றரை மணி நேரப் படம். கதையின் காலமும் ஏறத்தாழ அதுவே. முதற்பாதியில் எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். பாதியில் அவள் பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனியே தெருவில் இறங்குகிறாள். அதன்பின் அவள் மற்றவர்களைப் பார்க்கத் தொடங்குகிறாள். மோன்பர்னாஸ் காப்பிக்கடையில் காசு போட்டுத் தன் பாட்டையே ஒலிக்கவிடுகிறாள், ஒருவரும் தலைநிமிரவில்லை. தன் மரணத்தைப் பற்றிய அச்சத்துக்கும் பிறருடைய மாலைப் பொழுதுக்கும் தொடர்பில்லை என்று அவள் அறியும் இடம் அது. இரக்கத்தை விளம்பரப்படுத்தாமல் வார்தா அதைக் கடந்துபோகிறார்.

இந்தப் படத்தில் வாடகைக்காரின் வானொலி அல்ஜீரியப் போர்ச் செய்தி வாசிக்கிறது. பூங்காவில் அவள் சந்திக்கும் இளைஞன் விடுப்பு முடிந்து அன்றிரவே போர்முனைக்குத் திரும்பவேண்டிய சிப்பாய். அழகான நகரத்தின் ஓரத்தில் ஒரு காலனியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. படம் எடுக்கப்பட்ட அதே 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று, ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்கள் பலரைப் பாரிஸ் காவல்துறை கொன்றது. சிலருடைய உடல்கள் சேன் நதியில் வீசப்பட்டன. அதை நினைவுகூரும் பலகை ஒன்று சான் மிஷேல் பாலத்தருகே 2001-இல் வைக்கப்பட்டது. தீவிபத்துக்குப்பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் பேராலயத்துக்குப் போகிறவர்கள் அங்கிருந்து சில நிமிட நடையில் இந்தப் பலகையையும் பார்க்கலாம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகப் பலரும் ஏறும் பி தடப் புறநகர் ரயில், பாரிஸுக்குள் நுழையுமுன் சேன்-சான்-தெனி மாவட்டத்தைக் கடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகள் தெரியும். வழிகாட்டி நூல்கள் அவற்றைப் பற்றிப் பேசுவது அரிது. அங்கே வாழ்வது யார் என்று கேட்கத் தோன்றினால் மத்தியூ கஸ்ஸோவிட்ஸின் 'வெறுப்பு' (1995) என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். யூதன், அரேபியன், கறுப்பன் என மூன்று புறநகர் இளைஞர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்டு, பாரிஸில் ஓர் இரவைக் கழிக்கிறார்கள். விரலைச் சொடுக்கி ஈஃபில் கோபுர விளக்கை அணைக்கப் பார்க்கிறார்கள். அணையவில்லை. அவர்கள் முதுகைத் திருப்பியபின் அது அணைகிறது. அந்த நகரம் அவர்களுக்கு எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். பத்தாண்டு கழித்து 2005-இல், காவலர்களுக்கு அஞ்சி மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரு சிறுவர்கள் கிளிஷி-சூ-புவாவில் இறந்தபோது நாடே பற்றியெரிந்தது. அதற்குப் பக்கத்து ஊரான மோன்ஃபெர்மேயில் எடுக்கப்பட்டது லாட்ஜ் லீயின் 'லே மிசெராப்ல்' (2019). யூகோவின் நாவலில் ழான் வல்ழான், கொசெத் என்ற சிறுமியைக் கண்டெடுப்பதும் அதே ஊரில்தான். ஏழைகளின் ஊர் அன்றும் இன்றும் மாறவில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

மொழி கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு மிக நெருக்கமானது லோரான் கான்தேயின் 'சுவர்களுக்கிடையே' (2008). கான் விழாவில் தங்கப்பனை பெற்ற படம். ஆசிரியராக இருந்த ஃபிரான்ஸ்வா பெகோதோ தன் நாவலைத் தழுவிய இந்தப் படத்தில் தாமே ஆசிரியராக நடித்தார். மாணவர்களும் ஒரு பாரிஸ் பள்ளியின் உண்மையான மாணவர்களே. பேச்சில் எவரும் பயன்படுத்தாத ஒரு வினைவடிவத்தை அவர் நடத்தும்போது, 'இப்படி யார் பேசுகிறார்கள்?' என்று வகுப்பு கேட்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் எப்போதும் வெள்ளைக்காரப் பெயர்கள்தானா என்று இரண்டு பெண்கள் மடக்குகிறார்கள். எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் நடுவே நின்று நாள்தோறும் நன்னூல் நடத்துகிற எந்தத் தமிழாசிரியருக்கும் இந்தக் கேள்விகள் புதியன அல்ல. படத்தின் உச்சம் ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம். மாலியிலிருந்து வந்த தாய்க்குப் பிரெஞ்சு தெரியாது. தன்னைப் பள்ளியிலிருந்து நீக்கப்போகும் அவையில், தனக்காக வாதாடும் தாயின் சொற்களை மகனே மொழிபெயர்க்கிறான். 'பிரெஞ்சுக்காரர்கள் மொழித்திமிர் பிடித்தவர்கள்' என்று பயணிகள் சொல்வதுண்டு. அந்த மொழி யாருக்கு வாசல், யாருக்குச் சுவர் என்று இந்தப் படம் காட்டுகிறது.

கடைசியாக, பாதிக்குமேல் தமிழிலேயே பேசும் பிரெஞ்சுப் படம்: ழாக் ஓதியாரின் 'தீபன்' (2015). இதுவும் தங்கப்பனை பெற்றது. 'கொரில்லா', 'ம்' நாவல்களை எழுதிய ஷோபாசக்தி இதில் நாயகன். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமென்று சொல்லி இலங்கையிலிருந்து தப்புகிறார்கள். தொடக்கத்தில் ஒரு காட்சி. இருளில் சின்னஞ்சிறு வண்ண விளக்குகள் மினுங்கி நெருங்குகின்றன. அருகே வந்ததும் தெரிகிறது, அவை இரவுத் தெருவில் பொம்மை விற்கும் தீபன் தலையில் மாட்டிய விளையாட்டுப் பட்டை. இறுதிப் பகுதியின் துப்பாக்கிச் சண்டை படத்தை மலினப்படுத்துகிறது என்பது என் எண்ணம். ஆனால் அந்த ஒரு காட்சிக்குப்பின் ஈஃபில் கோபுரத்தடியில் சாவிக்கொத்து நீட்டும் மனிதரை 'வேண்டாம்' என்று கையசைத்துக் கடப்பது எளிதாக இராது. வடக்கு ரயில் நிலையத்தின் அருகே லா ஷப்பேலில், தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொங்கும் தெருவில், 'அட, இங்கேயும் தோசை!' என்று வியப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. அந்தக் கடைகள் எந்தப் போரிலிருந்து வந்தவை என்று நமக்குத் தெரியும்; தெரியவேண்டும்.

பணம் செலவழித்து மகிழப் போகிறவர்களை ஏன் இப்படி வதைக்கவேண்டும் என்று கேட்கலாம். இவை மகிழ்ச்சியைக் கெடுக்கும் படங்கள் அல்ல. தத்தி வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பார். வார்தாவின் பாரிஸைவிட அழகான பாரிஸைத் திரையில் நான் கண்டதில்லை. காமுவின் 'அந்நியன்' தொடங்கிப் பிரெஞ்சு எழுத்தைத் தமிழில் ஆவலோடு வாசித்துவந்த நாம், அந்த நாட்டுக்குள் வெறும் வாடிக்கையாளராக மட்டும் நுழைவது நம் வாசிப்புக்கே அழகல்ல.

பெட்டி கட்டும் அவசரத்தில் இரண்டு மாலைகள்தாம் உண்டென்றால், ஒன்றில் 'கிளியோ', மற்றதில் 'தீபன்'. விமானத்தில் தூக்கம் வராவிட்டால் அதற்கு 'அமெலி' இருக்கிறது.