தப்பி வந்தால் போதுமா?

விண்வெளிக்குப் போவது பெரிய காரியம். பத்திரமாகத் திரும்புவது அதைவிடப் பெரிய காரியம்.

சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பும் விண்கலம் மணிக்குச் சுமார் 40 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் பாய்கிறது. எதிரே இருக்கும் காற்று விலக நேரம் இல்லை. அது நசுங்கிக் கொதிக்கிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? அதே கதைதான். ஆனால் இங்கே வெப்பம் 2,700 டிகிரியைத் தாண்டும். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும்!

இந்த நெருப்பிலிருந்து காப்பது கலத்தின் அடியில் உள்ள கவசம். அதன் மேற்பரப்பு மெல்ல மெல்லக் கருகும். கருகும்போதே வெப்பத்தையும் கொண்டுபோய்விடும். தன்னை அழித்து மனிதரைக் காக்கும் பொருள் அது.

அப்படிப்பட்ட கவசத்தில் குறை தெரிந்தால், "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று சும்மா இருக்கலாமா? கூடாது!

7 உயிர்கள்

அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் 2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி புறப்பட்டது. 82-வது விநாடியில், எரிபொருள் டாங்கியிலிருந்து நுரைப் பொருள் ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. எடை முக்கால் கிலோதான்.

படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று என்ஜினீயர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் சம்மதிக்கவில்லை. முந்திய பயணங்களிலும் நுரை விழுந்தது. கலங்கள் திரும்பி வந்தன. அந்தத் தைரியம்!

பிப்ரவரி 1-ந் தேதி, இறக்கையின் ஓட்டை வழியே நெருப்புக் காற்று புகுந்தது. கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட 7 பேரும் மாண்டனர்.

தேய்ந்த டயருடன் ஓடிய பஸ் நேற்று ஊர் சேர்ந்தது. அதனால் இன்றும் சேரும் என்று சொல்ல முடியுமா?

சரியான வழி

2022-ம் ஆண்டு ஆர்ட்டிமிஸ்-1 பயணத்தில், ஆள் இல்லாத ஓரியன் கலம் சந்திரனைச் சுற்றிவிட்டு டிசம்பர் 11-ந் தேதி பசிபிக் கடலில் இறங்கியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் கவசத்தில் 100-க்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய துண்டுகள் பெயர்ந்திருந்தன.

இந்தத் தடவை விஞ்ஞானிகள் "பிழைத்தோம்" என்று விட்டுவிடவில்லை. கவசப் பொருளைச் சோதனைச் சாலையில் மறுபடியும் சுட்டுப் பார்த்தார்கள். காரணம் தெரிந்தது. இறுக மூடிய பானையில் ஆவி முட்டுவது போல, உள்ளே உண்டான வாயு வெளியேற வழியின்றி முட்டியது, கவசம் வெடித்தது. மனிதர் செல்லும் அடுத்த பயணத்துக்கு அதே கவசம், ஆனால் இறங்கும் பாதையை மாற்றுவது என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

இதனால் தாமதம் ஆயிற்றே என்று குறை சொல்வோர் உண்டு. போன நாளைப் பிறகு ஈடு செய்யலாம். போன உயிரை ஈடு செய்ய முடியாது.

கவசம் எதனால் ஆனது என்பது முக்கியம்தான். அதில் கீறலைக் கண்டவர் வாய் திறந்து சொல்வதும், மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்பதும் அதே அளவு முக்கியம்!