பூவைவிட நார் உசத்தி

பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரு முழம் மல்லிகை வாங்குகிறீர்கள். மொட்டு பெரிதா, நெருக்கமாகக் கட்டியிருக்கிறாளா, முழத்தைக் குறைக்காமல் அளந்தாளா என்றெல்லாம் பார்ப்பீர்கள். அந்தப் பூவைத் தாங்கி நிற்கும் நாரைப் பார்ப்பதுண்டா? எங்கே பார்க்கிறோம்! மறுநாள் காலையில் வாடிய பூவோடு அதுவும் குப்பைக்குப் போய்விடுகிறது. 'பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும்' என்று ஒரு பழமொழியைச் சொல்லி, நாருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் நான் நாரின் கட்சி, சகோதரிகளே!

பூந்தமல்லியின் முழுப் பெயரே பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கே நந்தவனம் வளர்த்து, பூத்தொடுத்து, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போய்ச் சாத்தினார் என்று சொல்வார்கள். அவ்வளவு தூரம் பூ வாடாமல் போயிற்று. பாலிதீன் பை இல்லாமலே போயிற்று.

இன்னொரு கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் திருமுல்லைவாயில். தொண்டைமான் படையெடுத்து வரும்போது அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். வாளால் கொடியை வெட்டப் போய், உள்ளே இருந்த சிவலிங்கத்தின்மீது வெட்டு விழுந்தது என்பது மாசிலாமணீசுவரர் கோயிலின் தல புராணம். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் புரிகிறது. கொடி யானையை நிறுத்தும் என்றால், நம் முன்னோர் அதை நம்பினார்கள். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கொடிக்கும் நாருக்கும் எவ்வளவு பலம் என்று தினசரி கிணற்றுக் கயிற்றில் பார்த்தவர்கள் அவர்கள்!

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? செடி நிமிர்ந்து நிற்பதற்காகத் தனக்குத் தானே நெய்துகொள்ளும் இழைதான் நார். செல்லுலோஸ் என்ற பொருள் நூல் நூலாக அடுக்கப்பட்டிருக்கும். லிக்னின் என்ற பொருள் அதைப் பசைபோலப் பிணைத்து வைக்கும். தேங்காய் நாரில் லிக்னின் அதிகம். ஆகவேதான் தண்ணீரில் கிடந்தும் கயிறு சட்டென்று மக்குவதில்லை. பருத்தியில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆகவேதான் பஞ்சு மெத்தென்று இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சணல், புளிச்சை, கற்றாழை, வாழை, பனை, கோரை என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது.

இவற்றில் வாழையின் கதை விசேஷமானது. ஒரு வாழை ஒரு தார்தான் போடும். தாரை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட வேண்டும். இலை பந்திக்கு, காய் பொரியலுக்கு, பூ வடைக்கு, தண்டு கூட்டுக்கு. பாக்கி இருக்கும் பட்டை வயலில் கிடந்து அழுகும். அந்தப் பட்டையிலிருந்துதான் நார் வருகிறது. நாருக்கென்று தனியாக நிலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். வீண் போகிற பொருளிலிருந்து கிடைக்கிற லாபம் இது.

"அதை வைத்துப் பூக் கட்டலாம், வேறு என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போனால் அடையாற்றங்கரையில் அனகாபுத்தூர் வரும். பழைய நெசவாளர் ஊர். 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்' என்ற கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரை போயிற்று. அந்த வியாபாரம் படுத்ததும் தறிகள் ஓய்ந்தன. பலர் தறியை விட்டே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் சிலர் சணலையும் வாழை நாரையும் தறியில் ஏற்றினார்கள். 25 விதமான இயற்கை இழைகளைக் கலந்து ஒரே புடவையாக நெய்து, லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தார்கள்.

சொல்வது சுலபம், செய்வது அப்படியல்ல. பருத்தி நூல் கண்டு கண்டாக வரும். வாழை நாரோ மரத்தின் உயரத்துக்கு மேல் நீளாது. ஒவ்வொரு இழையையும் அடுத்த இழையோடு முடிச்சுப் போட வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை இது. காய்ந்தால் நார் முறியும் என்பது பூக்காரிக்குத் தெரியும். அதனால்தான் அவள் நாரை நனைத்தே வைத்திருக்கிறாள். ஆகவே வாழை நார்ப் பைக்குக் கடைக்காரர் சொல்கிற விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்குமுன், அதில் எத்தனை முடிச்சு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

இனிப் பிளாஸ்டிக்கின் கட்சியையும் கேட்போம். நியாயம் என்றால் இரு பக்கமும் கேட்க வேண்டுமல்லவா? பாலிதீனை 1933ல் இங்கிலாந்தில் இரண்டு ரசாயன நிபுணர்கள் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். கைப்பிடி வைத்த பாலிதீன் பைக்கு 1965ல் காப்புரிமை வாங்கியது ஸ்வீடன் தேசத்துக் கம்பெனி ஒன்று. எடை இல்லை, ஈரம் புகாது, விலையும் இல்லை. பால், எண்ணெய், மாவு இவற்றுக்கெல்லாம் நார்ப் பை உதவாது என்பது வாஸ்தவம். மறைத்துப் பேசிப் பயனில்லை.

தகராறு எங்கே வருகிறது என்றால், உபயோகம் முடிந்த பிறகு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் செல்லுலோஸைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று பழகியவை. பாலிதீன் அவற்றுக்குப் புதிய பண்டம், பல் இறங்குவதில்லை. வெயிலில் நொறுங்கித் தூளாகுமே தவிர மண்ணாகாது. கறிகாய்த் தோலோடு முடிச்சுப் போட்டு எறிந்த பையை மாடு பையோடு விழுங்குகிறது. மழைக்காலம் வந்தால் அதே பை வடிகால் வாயில் போய் உட்காருகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குத் தண்ணீர் போக வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. வெள்ளத்துக்குப் பை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏரியையும் கால்வாயையும் அடைத்து வீடு கட்டியதற்குப் பை என்ன செய்யும்? ஆனால் மிச்சமிருக்கிற வழியையும் அடைப்பது அதுதான்.

சட்டம் இல்லாமலில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. தடிமன் எதுவானாலும் கைப்பைக்கு அனுமதி இல்லை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் ஆரம்பமாயிற்று. மறு வருஷம் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை கொடுக்கும் இயந்திரமே வந்துவிட்டது.

இங்கேதான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். துணிப் பை வந்துவிட்டதால் பாவம் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பருத்தி பயிரிடத் தண்ணீரும் மருந்தும் நிறையச் செலவாகும். 2018ல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்குப் போட்டது. பருவநிலையை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது உபயோகித்தால்தான் அது ஒரு பாலிதீன் பைக்குச் சமமாகும். மற்ற எல்லா விளைவுகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை! வாரம் இரண்டு நாள் கடைக்குப் போகிறவர் முதல் கணக்கை ஆறே மாதத்தில் தீர்த்துவிடலாம். இரண்டாவது கணக்கைத் தீர்க்க 68 வருஷம் ஆகும். பை மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், மருமகளிடமிருந்து பேத்திக்கும் சீதனமாகப் போக வேண்டியதுதான்! தெருவில் எறிந்த பை செய்கிற உபத்திரவத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அதன் பாடம் நமக்கு நல்ல பாடம்: பை எதனால் ஆனது என்பதைப் போலவே, எத்தனை நாள் உழைக்கிறது என்பதும் முக்கியம். கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு புது மஞ்சள் பை வாங்கி அலமாரியில் அடுக்குவது சேவை அல்ல, இன்னொரு விதமான குப்பை.

ஆகவே என் யோசனைகள் இவை:

முதலாவது, வீட்டில் இருப்பதையே எடுங்கள். கிழிந்த வேஷ்டி, நைந்த பருத்திப் புடவை, மெத்தை உறை எல்லாம் தன் ஆயுளை முடித்துவிட்டவை. அவற்றிலிருந்து தைக்கிற பைக்குப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை. ஒரு புடவையில் ஏழெட்டுப் பைகள் வரும்.

இரண்டாவது, துணி வேஷம் போடும் பையை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கொடுக்கிற, துணிபோல் தோன்றும் பல பைகள் அசல் பிளாஸ்டிக் இழைகளை ஒட்டிச் செய்தவை. அவையும் தடைப் பட்டியலில் இருப்பவைதாம். ஓர் இழையை உருவி இடுக்கியில் பிடித்து, கொல்லைப் பக்கம் வைத்து, நெருப்பில் காட்டுங்கள். பருத்தியும் சணலும் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். மற்றது சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தாம்பூலப் பைக்கு முன்பணம் கொடுக்குமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்நூறு பேருக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம் சாக்கடையில் போய் முடியக் கூடாது.

மூன்றாவது, ஈரச் சாமானுக்குப் பாத்திரம். மாவுக்கு எவர்சில்வர் டப்பா, எண்ணெய்க்குத் தூக்கு, மீனுக்கு மூடி போட்ட வாளி. பால் கவரை ஓரத்தில் முழுதும் அறுத்துத் துண்டாக்காமல், கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுங்கள்.

நான்காவது, சணல் பையைத் துணி துவைப்பதுபோல் அடித்துத் துவைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பூக்கும். பிறகு சணலைக் குறை சொல்வீர்கள்!

ஐந்தாவதுதான் முக்கியம். 'பை கொண்டுபோ' என்ற உபதேசம் எப்போதும் நம் தலையிலேயே விழுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து திரும்பும் வழியில் கீரையும் பழமும் வாங்கி வருகிறவர் யார்? அவர் ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு பையை மடித்து வையுங்கள். வெறுங்கையோடு கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. தாங்கள் விற்கிற பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2016ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. இது இல்லத்தரசி ஒருத்தி முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டிய கவலை அல்ல.

பெரிய அளவில் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ரேஷன் கடைக்குள் எட்டிப் பார்க்கலாம். அரிசி வந்து இறங்குவது பெரும்பாலும் சணல் சாக்கில். உணவு தானியங்களைச் சணலில்தான் கட்ட வேண்டும் என்று 1987லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. வங்காளத்துக் குடியானவர் சணலை நம்பிப் பிழைப்பதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஒரு தேசத்தின் அரிசியையே சுமக்கிற நாருக்கு நம் வீட்டுக் கத்தரிக்காய் பாரமா?

அடுத்த தடவை பூ வாங்கும்போது, நூலில் கட்டியதா, நாரில் கட்டியதா என்று பூக்காரியைக் கேளுங்கள். நாரில் கட்டிய பூவை வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் அவளும் நாரை நனைத்து வைப்பாள்.