ரேகைச் சட்டத்துக்கு மன்னிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, இன்றைய பேரையூர் வட்டத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் அங்கே சுட்டது. குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

கைரேகை கேட்டது ஒரு சட்டம். ஏட்டில் அது குற்றப் பரம்பரைச் சட்டம். மக்கள் வாயில் ரேகைச் சட்டம். ஒரு திருட்டும் செய்யாதவன்கூட, பிறந்த சாதிக்காக விரலை மையில் தோய்த்துப் பதிய வேண்டும். வெளியூரில் இரவு தங்க ராத்திரிச் சீட்டு வேண்டும். பெண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, ஆண்கள் போலீஸின் கண்முன்னே போய்ப் படுக்க வேண்டும்.

இப்போது மன்னிப்புக் கேட்டால் செத்தவர்கள் எழுந்து வருவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். வரமாட்டார்கள். ஆனால் குற்றவாளி என்று எழுதி வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். குற்றம் செய்தது அரசுதான் என்று அந்த அரசின் ஏட்டிலேயே பதிவாவது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கே 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார். லண்டன் மன்னிப்புக் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன் சென்னை கேட்க வேண்டும் என்பதே நம் நிலை. அன்று பட்டியல் எழுதியதும் ரோந்து வந்ததும் பெரும்பாலும் நம்மவர்களே. 1947இல் அந்தச் சட்டத்தை ஒழித்த சென்னை மாகாணம், மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், அதே ரேகைச் சட்டத்தில் சிக்கியிருந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று 2024இல்கூட உச்ச நீதிமன்றம் போலீஸுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வெறும் வார்த்தை போதாது என்பதும் உண்மைதான். 1984 சீக்கியர் படுகொலைக்காகப் பிரதமர் மன்மோகன் சிங் 2005இல் மாநிலங்களவையில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தப் படுகொலை வழக்கில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 ஆயிற்று. ஆகவே மன்னிப்பும் உத்தரவும் ஒரே நாளில் வர வேண்டும். முதல்வர் சட்டப்பேரவையில் எழுந்து, சட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் இறந்த 16 பேரின் பெயர்களையும் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். சாதியைப் பார்த்துச் சந்தேகப் பட்டியலில் சேர்த்த பெயர்களை நீக்கும்படி அன்றே ஆணையிடட்டும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் என்று நாம் உரிமை கொண்டாடும் அரசு முத்திரை அந்த ஆணையின் தலைப்பில் இருக்கும். அதன் முதல் நகல் உசிலம்பட்டி காவல் நிலையத்துக்கும் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கும் போகட்டும்.