மதிலுக்குள்ளே என்ன நடக்கிறது?

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது: எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குக் கதை அல்லாத புத்தகமாக எதை வாங்கித் தரலாம்? கேட்பவர்களில் பாதிப்பேர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். “கதைப் புஸ்தகம் வேணாங்க, உபயோகமா ஏதாவது சொல்லுங்க” என்பார்கள். அந்த ‘உபயோகமா’வுக்குப் பின்னால் இருக்கும் கவலையை மதிக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளியாகவே வருடங்களைக் கழித்தவர், தன் பிள்ளைக்கும் அந்த நிலை வரக் கூடாது என்று நினைப்பது நியாயம். ஆனால் இந்தக் கவலைக்குக் கடைகள் எடுத்து நீட்டுகிற புத்தகங்கள் மூன்றே வகை. பொது அறிவு வினா விடை, போட்டித் தேர்வுக் கையேடு, வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் நூல். பதின்மூன்று வயதில் இந்த மூன்றும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அந்த வயதில்தான் ஒரு பிள்ளை, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேட்கத் தொடங்குகிறது. வினா விடைப் புத்தகம் விடையை மட்டும் தரும். அந்த விடையை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லாது. முன்னேற்ற நூல் கேள்வியே கேட்க விடாது, கட்டளை போடும். ஓர் உண்மை எப்படித் தெரியவந்தது என்பதைக் கூடவே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிற புத்தகம்தான் இந்த வயதுக்கு ஏற்றது.

நாம் இருக்கும் இடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகையன்று வருகிற குடும்பம், வழியில் எத்தனை ஆலை மதில்களைத் தாண்டி வருகிறது! வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. ஒரகடத்தில் ரெனோ கார் ஆலை, டெய்ம்லரின் லாரி ஆலை, அப்போலோ டயர். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஃபாக்ஸ்கான். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி சாம்சங், செயின்ட் கோபைன். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மதில் தெரியும், கம்பெனி பஸ் தெரியும், கார்களை அடுக்கிக்கொண்டு போகிற டிரெய்லர் தெரியும். அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று பதின்மூன்று வயதுக்குப் புரியும்படி தமிழில் சொல்லும் ஒரு புத்தகத்தைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் 1,500 டிகிரிக்கு மேல் உருக்கி, அந்தக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பில் இருக்கும் அதே வெள்ளீயம்தான். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். கண்ணாடி அதைவிட எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். உருகிய உலோகத்தின் பரப்பு தானாகவே சமமாக இருக்கும். ஆகவே அதன்மேல் படர்ந்து ஆறுகிற கண்ணாடியும் இருபுறமும் வழவழப்பாக, தேய்த்து மெருகேற்ற வேண்டிய தேவையே இல்லாமல் வெளியே வரும். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை இது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூரிலும் இப்படித்தான் கண்ணாடி பிறக்கிறது. நம் வீட்டு ஜன்னல் ஒரு காலத்தில் உலோகக் குளத்தில் மிதந்தது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, ஜன்னலைத் திரும்பப் பார்க்கும். அடர்த்தி என்ற பாடம் அதற்குப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியதாக இருக்காது.

ஆலையைப் பற்றி இல்லாவிட்டாலும், இப்படி விளக்கிச் சொல்கிற நூல்கள் தமிழில் எழுதப்படவே இல்லை என்று சொல்ல மாட்டோம். பெ. நா. அப்புஸ்வாமி வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுக்க அறிவியலைத் தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, 1968இலிருந்து 1976க்குள் பிள்ளைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதி கொண்டுவந்தார். அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செய்திகள் சில பழசாகியிருக்கலாம். சொல்கிற முறை பழசாகவில்லை. 1987இல் அறிவியல் இயக்கத்துக்காரர்கள் தொடங்கிய ‘துளிர்’ மாத இதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஓர் இதழ் தபாலில் பிள்ளையின் பெயருக்கு வரட்டும். தன் பெயருக்கு வந்த தபாலைப் பிரிக்காத பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை.

இந்த மண்ணுக்கு மிக நெருக்கமானவை என்று நாங்கள் முதலில் எடுத்து வைப்பது இயற்கையைப் பற்றிய நூல்களை. காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். பிள்ளைப்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி, ஒரகடம் ஏரி என்று ஒவ்வொன்றின் கரையையும் ஒட்டித் தொழிற்பேட்டை வந்துவிட்டது. பறவைகள் இன்னும் வருகின்றன. கரையில் நின்று பார்த்தால் நத்தை குத்தி நாரை தெரியும். மூடினாலும் நடுவில் சந்து விட்டிருக்கும் அலகு. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதற்கு வாகாக அமைந்தது. இதையெல்லாம் பார்க்கக் கற்றுத்தருகிற உரைநடை தமிழில் மா. கிருஷ்ணனுடையது. அவருடைய கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். கிருஷ்ணன் வியந்து வியந்து எழுதுகிறவர் அல்லர். பார்த்ததைச் சொல்வார், பார்க்காததைச் சொல்ல மாட்டார். பதின்மூன்று வயதுக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’. ஏரி ஏன் வேண்டும் என்று நாளை கிராம சபையில் எழுந்து கேட்கப்போகிற பிள்ளைக்கு இவை இரண்டும் கையில் இருக்க வேண்டியவை.

வரலாற்றுக்கு வருவோம். நேரு தன் மகள் இந்திராவுக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் முதலாவது, அவருடைய பதின்மூன்றாம் பிறந்தநாளுக்காக 1930இல் நைனி சிறையில் எழுதப்பட்டது. 1933 வரை நீண்ட அந்தக் கடிதங்கள் மொத்தம் 196. அவற்றை ‘உலக சரித்திரம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஓ. வி. அளகேசன், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்களவை உறுப்பினராக இருந்தவர். முழுவதையும் படிக்கச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பத்துக் கடிதங்களைப் பிள்ளையே பொறுக்கி எடுக்கட்டும். நேரு அன்று தெரிந்த அளவுக்கு எழுதினார். அவருக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து வந்த செய்திக்கு, தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழடி தூரம் என்றால், ஒரகடத்துக்குப் பக்கத்து வடக்குப்பட்டு இருக்கிறது. 2022இல் அங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகளும் ரோமானிய ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. இந்த ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற நிலத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கல்லைத் தட்டிக் கருவி செய்திருக்கிறார். இந்த ஊரின் உற்பத்தி வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

ஆன் ஃபிராங்குக்கும் நாட்குறிப்பு நோட்டு கிடைத்தது பதின்மூன்றாம் பிறந்தநாளில்தான், 1942 ஜூன் 12 அன்று. அந்த நாட்குறிப்பு தமிழில் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாமல் பையன்களுக்கும் கொடுங்கள். ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’யை ஏற்கெனவே பல ஆசிரியர்கள் பரிந்துரைக்கிறார்கள், நாங்களும் வழிமொழிகிறோம். ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த ஒரு பள்ளியைப் பற்றியது அது. புதிதாகச் சேர வந்த சிறுமி பேசியதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமையாசிரியர் அங்கே இருந்தார். அப்பாக்களும் ஒருமுறை படிக்கலாம். ‘அக்னிச் சிறகுகள்’ நல்ல நூல்தான். ஆனால் சுதந்திர தினப் பரிசு, ஆண்டு விழாப் பரிசு, பிறந்தநாள் பரிசு எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒரே வீட்டில் மூன்று பிரதி இருப்பதால் யாருக்கும் பயனில்லை.

ஒடிஷாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். போபாலிலிருந்து ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் நடத்திவரும் ‘சக்மக்’ என்ற ஹிந்தி இதழ், அவர்களில் ஹிந்தி படிக்கத் தெரிந்தவர்களுக்கு உதவும். பள்ளி நூலகத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

இப்படிப்பட்ட புத்தகம் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடே சாட்சி. பதினான்கு வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கட்டுவதற்காக வந்த புத்தகங்களைப் பிரித்துப் படித்தார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி வேதியியலை உரையாடலாக எழுதிய நூல் அப்படிக் கைக்கு வந்தது. அதில் இருந்ததை நம்புவதற்கு முன் தன்னால் முடிந்த சோதனைகளைச் செய்து பார்த்தார். ஒரகடத்து ரோபோவின் மூட்டுக்குள் சுழல்கிற மோட்டார், பிற்பாடு அவர் கண்ட உண்மையின் மேல்தான் நிற்கிறது. பெரிய விஞ்ஞானி ஆன பிறகு, பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒற்றை மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு நடத்தினார். சுடரின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டி, அங்கிருந்து வரும் ஆவியைக் குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். எரிவது மெழுகின் ஆவி என்று அதன் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் போன இரவில் ஆசிரியரோ அண்ணனோ கூட இருந்து செய்து பார்க்கலாம்.

நமக்கு வேண்டியது நம் ஊரின் மார்செட்டுகள். டயருக்குக் கந்தகம் ஏன் சேர்க்கிறார்கள் என்று அந்த ஆலையில் பதினைந்து வருடம் நின்றவருக்குத் தெரியும். வெல்டிங் ரோபோவுக்கு யார் பாதை சொல்லித்தருகிறார்கள் என்று ஐடிஐ முடித்துக் கார் ஆலையில் வேலை பார்க்கும் தம்பிக்குத் தெரியும். 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் ஏன் மூடப்பட்டது? அங்கே வேலை பார்த்த அம்மாவின் பிள்ளை அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து வெளியே உட்கார்ந்தார்களே, சங்கம் என்றால் என்ன, நிர்வாகம் என்ன சொன்னது, அரசு என்ன செய்தது என்று இரு தரப்பையும் நேர்மையாகச் சொல்லி எழுதினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்டிப்பாகப் புரியும். இவற்றைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க ஒரு காரணமும் இல்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு இவற்றோடு கட்டப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1948 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் போகிறது. 2006க்குப் பிறகு ஊராட்சிதோறும் கட்டிய நூலகக் கட்டடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் ஊர்க் கட்டடம் திறந்திருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். திறந்திருந்தால் மேலே சொன்ன நூல்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பூட்டியிருந்தால் அடுத்த கிராம சபையில் சாவியைக் கேளுங்கள்.

ஆலைக்குள் நின்று வேலை பார்க்கிற நண்பர்களுக்கு: உங்கள் கையில் ஓடுகிற ஒரு வேலையை, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நான்கு பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கங்கள் உங்களுக்காகக் காத்திருக்கும்.